"பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் நண்பருக்காக அவருடைய வாடிக்கையாளர்கள் சிலரோடு பேசினேன். "இந்த டிசைன் பிடிச்சிருக்காங்க?" என்று கேட்டதற்கு எல்லாருமே "நல்லா இருக்குங்க" என்றார்கள். முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்?

சரி என்று கேள்வியை மாற்றினேன்: "கடைசியா எப்பங்க கொலுசைக் கழட்டினீங்க? அன்னிக்கு என்ன நடந்துச்சு?" ஓர் அக்கா, கொக்கியில் சேலை நூல் மாட்டி இழுத்ததைச் சொன்னார். கைக்குழந்தைக்காரர் ஒருவர், ராத்திரி எழுந்து நடந்தால் சலங்கைச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்வதால் கழற்றியே வைத்துவிட்டாராம். டிசைன் பற்றிய பேச்சே வரவில்லை!

பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கித் தீர்வு தேடும் முறைக்கு டிசைன் திங்கிங் (Design Thinking) என்று பெயர். அதன் முதல் படி இப்படி அடுத்தவர் நிலையில் நின்று கேட்பதுதான். சிக்கலை வரையறுப்பது, யோசிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது எல்லாம் அப்புறம். முடிந்தால் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். பல நேரம் உண்மையான காரணம் அந்த இடைவெளியில்தான் வரும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளின் பெருமையைத் தயவுசெய்து அங்கே பேசாதீர்கள்.

பிறகு யாருக்கு, என்ன தேவை, ஏன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். நாங்கள் எழுதியது: "குழந்தை விழிக்காமல் நடக்க, அந்த அம்மாவுக்குச் சத்தமில்லாத கொலுசு வேண்டும்." சலங்கை வைக்காத ஒரு ஜோடியை அவரிடமே கொடுத்து, ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.