டர்போ பேரிங் தேய்மானம்: எண்ணெய் வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜரின் (டர்போ) தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான கார்களில் அதைத் தாங்குவது குண்டுகள் இல்லாத, வெறும் வளையம் போன்ற புஷ் வகைப் பேரிங்தான் என்றாலும், ஓடும்போது தண்டு என்ஜினிலிருந்து அழுத்தத்துடன் வரும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலே தேய்மானம் தொடங்கிவிடும்.

பழுதான டர்போவைக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிட்டு, அதற்கு எண்ணெய் கொண்டுவரும் பழைய ஆயில் ஃபீட் பைப்பையே மீண்டும் மாட்டுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. அந்தப் பைப்பை இணைக்கும், நடுவே எண்ணெய்த் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துளையின் உட்சுவரில் எண்ணெய் கருகிக் கரியாகப் படிந்திருப்பதைப் பல நேரங்களில் காணலாம். சில என்ஜின்களில் அங்கேயுள்ள சிறு வலைவடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். கசிவுக்குப் பயந்து இணைப்புகளில் சீலண்ட் பூசுவதும் ஆபத்தே. பிதுங்கி உதிரும் துணுக்கு ஒன்று போதும், வழி அடைபட.

எண்ணெய் வருவதைக் கவனிப்பவர்கள் அது போவதைக் கவனிப்பதில்லை. எண்ணெய் திரும்பிச் செல்லும் ரிட்டர்ன் பைப்பில் அழுத்தம் கிடையாது. எண்ணெய் தன் எடையால் மட்டுமே என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்குகிறது. குழாய் மடிந்திருந்தாலோ, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் அடைபட்டு, கிராங்க்கேஸில் (என்ஜினின் கீழ்க்கூட்டில்) அழுத்தம் கூடினாலோ, எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி வெளியேறி நீலப்புகையாகும். சீல் என்று நாம் சொல்வது பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். தேங்கிய எண்ணெயைத் தடுக்க அதனால் இயலாது. இதை அறியாமல் நல்ல டர்போவைக் குறைசொல்லி மாற்றுவோர் பலர். தண்டு குண்டுகளின் மேல் சுழலும் பால் பேரிங் டர்போவுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும், எண்ணெய் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டரைப் பொருத்தாமல் விட்டாலும் அளவுக்கு மீறிய எண்ணெயால் இதே நிலைதான்.

புதிய டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றிவிட்டு, எரிபொருளைத் துண்டித்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் அழுத்தம் வந்த பிறகே என்ஜினை இயக்க வேண்டும். எண்ணெயின் தரமும் மாற்றும் இடைவெளியும் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும்.

குளிர்ந்த என்ஜினை எடுத்தவுடன் முறுக்குவதும், நெடுநேரம் விரட்டி ஓட்டியபின் சட்டென்று அணைப்பதும் ஓட்டுநரின் பங்கு. அணைத்ததும் எண்ணெய் நின்றுவிடும், புகைவாயுவால் சுழலும் டர்பைன் பக்கச் சூடோ பேரிங்கை நோக்கிப் பரவும். அங்கே தங்கிய எண்ணெய்தான் கரியாகிறது. நீர்க்குளிர்ச்சி உள்ள டர்போவில் இது குறைவு. இருந்தாலும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது. கடைசிச் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தால் அந்தக் காத்திருப்பும் பெரும்பாலும் தேவைப்படாது.