பிளேட் மாட்டாமல் ஸ்குவாட் பழகலாம்

தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படி ஏறி இறங்கிய மறுநாள், நாற்காலியில் உட்காரும்போதே முனகினேன். அப்புறம்தான் செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ஸ்குவாட் என்பது நீளக் கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது; பிளேட் என்பது கம்பியின் இரு முனையிலும் மாட்டும் எடைத் தட்டு. முதல் வாரமே ஆசைப்பட்டு பிளேட் மாட்டி ஸ்குவாட் போட்டதில் மூன்று நாள் இடுப்பு வலி. அதனால் இங்கே பிளேட் கிடையாது. அந்தக் கம்பி, அதாவது பெரிய பார்பெல் (சுருக்கமாக பார்), வெறுமனே 20 கிலோ இருக்கும். புதியவருக்கு அதுவே போதும்.

முதல் வாரம் வீட்டில். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்துப் பத்தாக மூன்று செட் உட்கார்ந்து எழுங்கள். தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை.

ஓடுவதற்கான மெத்தென்ற சப்பாத்து வேண்டாம், பாரத்தில் அமுங்கி ஆட்டிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போட்டோமே வெள்ளை கேன்வாஸ், அந்த மாதிரி தட்டையான அடிதான் நல்லது.

ஜிம்மில் பாரை அதன் ஸ்டாண்டில் உங்கள் நெஞ்சின் நடு உயரத்தில் வையுங்கள். எக்கி எடுக்கும் உயரமென்றால் திரும்ப வைக்கும்போது திண்டாட்டம். பக்கத்துப் பாதுகாப்புக் கம்பிகள், நீங்கள் அடிவரை உட்காரும்போது பார் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். எழ முடியாவிட்டால் அதில் பாரை விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

பார் கழுத்தெலும்பில் உட்காரக் கூடாது. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்தால் கழுத்துக்குக் கீழே சதை திரண்டு நிற்கும், அதன்மேல் வையுங்கள். எடுத்து, இரண்டு எட்டு பின்னால் வந்து நில்லுங்கள்.

இப்போது பாதம். தோள் அகலத்துக்கு விரித்து, விரல்களைச் சற்று வெளியே திருப்புங்கள். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் தரையைப் பிடித்திருக்க, பாரம் பாதத்தின் நடுவில் இறங்க வேண்டும். மூச்சை வயிறுவரை இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் வயிற்றை இறுக்குங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இடுப்பும் முட்டியும் ஒன்றாக மடங்கி இறங்கட்டும். முட்டி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. 'முட்டி விரலைத் தாண்டக் கூடாது' என்று எல்லா ஜிம்மிலும் ஓர் அண்ணன் சொல்வார். சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தொடை நீளமானவர்களுக்குத் தாண்டத்தான் செய்யும். வலிய தடுத்தால் உடம்பு முன்னால் கவிழ்ந்து, பாரம் கீழ்முதுகுக்குப் போய்விடும். இடுப்பில் தொடை மடியும் இடம் முட்டிக்குச் சற்றுக் கீழே போனால் ஆழம் போதும். அதற்குள் கீழ்முதுகு சுருண்டால், சுருளுவதற்கு முன்பே நின்று எழுங்கள். எழும்போது நெஞ்சும் இடுப்பும் சேர்ந்தே எழ வேண்டும்.

கைப்பேசியைத் தண்ணீர் போத்தலில் சாய்த்துப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். பாரின் நுனி, பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே ஏறி இறங்க வேண்டும். என் முதல் படத்தில் அது முன்னால் வளைந்து போயிருந்தது. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது! கணுக்கால் இறுக்கம். பிளேட் கிடையாது என்று சொன்னேன்தான், ஆனாலும் குதிகாலுக்கு அடியில் வைக்க இரண்டு 1.25 கிலோ பிளேட் எடுத்துக்கொள்ளலாம்.

வாரம் இரண்டு நாள், ஐந்து ஐந்தாக மூன்று செட். படத்தில் பார் நேராக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு அந்த இரண்டு பிளேட்டையும் பாரில் மாட்டிக்கொள்ளுங்கள்.