பிளஸ் ஒன் விடுமுறையில் பொருளியல்: குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மார்ச் மாதம் வந்தாலே பிளஸ் ஒன் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதைக் கேட்பார்கள்: "பையன் எக்கனாமிக்ஸ் படிக்கணும்னு சொல்லுகான். வெளிநாட்டு சம்மர் புரோகிராம்னு ஒரு விளம்பரம் வந்திருக்கு, லட்சக்கணக்குல ஃபீஸ். சேத்து விடலாமா?" இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். பணம் கட்டியவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் சில ஜூம் வகுப்புகளும் ஒரு சான்றிதழும்தான். கல்லூரிச் சேர்க்கையில் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

குமரி மாவட்டத்தில் இருக்கும் ஒரு மாணவர் பஸ் காசை மட்டும் செலவழித்து, ஏப்ரல், மே மாதங்களில் சொந்தமாக ஒரு பொருளியல் ஆய்வு செய்துவிட முடியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டணமில்லாத நல்ல போட்டிகளுக்கு விண்ணப்பிக்கலாம். வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். அறிவியல் பிரிவில் படிப்பவர்களும் செய்யலாம். கணக்கு வருமென்றால் இன்னும் நல்லது.

படி 1: நாட்காட்டியைப் பாருங்கள்

அமெரிக்கா, இங்கிலாந்தின் "சம்மர்" ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். அப்போது நீங்கள் பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கோடை ஏப்ரலும் மேயும்தான். (சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிடுவதால் மே மட்டும்தான் முழுசாகக் கிடைக்கும்.) ஆகவே வேலையை முன்பே முடித்து, விண்ணப்பத்தைப் பின்னால் போடும்படி திட்டமிடுங்கள்.

படி 2: அடிப்படையைப் படித்துவிடுங்கள்

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகம் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கம் செய்யக் கிடைக்கிறது. நுகர்வு, உற்பத்தி, செலவு, அங்காடி அமைப்பு ஆகிய பாடங்களை முதலில் முடியுங்கள். கிராமப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய பாடங்களைப் பிறகு படிக்கலாம். காணொளி வேண்டுமென்றால் கான் அகாடமியும், டைலர் கோவன், அலெக்ஸ் டாபரோக் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2012இல் தொடங்கிய மார்ஜினல் ரெவல்யூஷன் யுனிவர்சிட்டியும் இலவசம். ஆங்கிலத்தில்தான் இருக்கும், வேகத்தைக் குறைத்து, சப்டைட்டில் எழுத்துகளைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இதில் நிற்காதீர்கள். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, விலை என்ற நான்கும் புரிந்தால் வெளியே கிளம்பலாம்.

படி 3: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"இந்தியப் பொருளாதாரம்" என்று தலைப்பு வைத்தால் ஒன்றும் நடக்காது. கேள்வி சின்னதாக, எண்ணால் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

மீன்வளம் பெருக விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலம் உண்டு. கிழக்குக் கடற்கரைக்கு அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் இந்த இரண்டும் ஒரே மாவட்டத்துக்குள் வருவது இங்கேதான். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. அதாவது ஏப்ரல் 15 முதல் மே 31 வரை சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்க, குளச்சல் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் தடை. அதன்பின் நிலைமை தலைகீழ். அந்தந்த ஆண்டின் தேதியை மட்டும் அரசு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மாற்றம் வருகிறது, பக்கத்திலேயே இன்னொரு பக்கம் வரவில்லை. பொருளியலில் இப்படி அமைவது அபூர்வம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரண்டு பக்கத்துத் துரித உணவுக் கடைகளிலும் உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு ஒப்பிட்டார்கள். கூலி ஏறியதால் வேலை குறையவில்லை என்று 1994இல் எழுதினார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்த வகை வேலையும் அதற்கு ஒரு காரணம். அதே முறையில் உங்கள் கேள்வி: தடைக்காலத்தால் சின்னமுட்டம் பக்கத்துச் சந்தையில் மீன் விலை எவ்வளவு ஏறுகிறது?

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தடை விசைப்படகுக்கு மட்டும்தான். வள்ளமும் கட்டுமரமும் போகலாம். ஆகவே விசைப்படகில் அதிகம் வரும் கணவாய் ஒன்று, வள்ளக்காரர் கொண்டுவரும் சாளை (மத்தி) ஒன்று என்று இரண்டு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய் விலை ஏறி, சாளை விலை அப்படியே இருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் தடைதான் என்று இன்னும் துணிந்து சொல்லலாம். சாளையும் ஏறினால், கணவாய் கிடைக்காதவர்கள் சாளைக்கு மாறினார்களா என்று யோசிக்க வேண்டும். விலையே ஏறவில்லையென்றாலும் கவலை இல்லை: குளச்சல் மீன் வண்டியேறி இந்தப் பக்கம் வந்துவிடுகிறதோ என்று பாருங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

கடற்கரை தூரம் என்றால் வேறு கேள்வி உண்டு. குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர். 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட்டு, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240ஐத் தாண்டியது. கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் தன் இணையதளத்தில் தினவிலை போடுகிறது. அந்த விலைக்கும் உங்கள் ஊர்க் கடைக்காரர் கொடுக்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காயும் பாலுக்கு) அது எவ்வளவு என்று குறித்தாலே போதும். தோவாளை அருகில் இருப்பவர்கள் பிச்சிப்பூவின் அதிகாலை விலையையும் அதே நாள் நாகர்கோவில் கடை விலையையும் எடுக்கலாம்.

படி 4: விலையைக் குறிக்கும் முறை

ஏப்ரல் முதல் தேதியே தொடங்குங்கள். தடைக்கு முந்திய விலை இல்லாமல் ஒப்பீடே இல்லை. கிழக்கே கன்னியாகுமரி அல்லது கொட்டாரம் பக்கத்தில் ஒரு சந்தை, மேற்கே குளச்சல், கருங்கல் அல்லது மார்த்தாண்டத்தில் ஒரு சந்தை. இரண்டுக்கும் நீங்களே ஓட முடியாது. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் வேண்டாம்: கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

நோட்டில் ஏழு கட்டம்: தேதி, நேரம், இடம், மீன், அளவு, விலை, குறிப்பு. தகராறு வருவது "அளவு" கட்டத்தில்தான். துறைமுகத்தில் பெட்டிக் கணக்கில் ஏலம் போகும். சந்தையில் ஒரு அக்கா கிலோவுக்குத் தருவார், பக்கத்தில் இருப்பவர் கூறு வைத்திருப்பார். கூறு நூறு ரூபாய் என்று மட்டும் எழுதினால் பயனில்லை, ஏனென்றால் மீன் குறைந்த நாளில் விலை மாறாது, கூறுதான் சிறுக்கும். அவ்வப்போது ஒரு கூறு வாங்கி வீட்டுத் தராசில் நிறுத்து, கிலோ விலையாக மாற்றி எழுதுங்கள். கணவாயா, ஊசிக்கணவாயா, பெரிதா சிறிதா என்பதையும் எழுதுங்கள். இன்று பெரிதின் விலையும் நாளை சிறிதின் விலையும் எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். குறிப்புக் கட்டத்தில் தவக்காலம், ஈஸ்டர், விஷு, கள்ளக்கடல் (திடீர்ப் பேரலை) எச்சரிக்கை, மழை எல்லாம் வர வேண்டும். விலையை அசைப்பது தடை மட்டும் அல்ல.

சந்தையில் நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு, "அண்ணாச்சி, பள்ளிக்கூடப் பாடத்துக்காக விலை எழுதுகேன், கேட்டுக்கலாமா?" என்று அனுமதி வாங்குங்கள். "அதுக்கென்ன மக்களே, எழுதிக்கோ" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. யார் பெயரையும் நோட்டில் எழுத வேண்டாம். விடிவதற்கு முன் போவதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போங்கள்.

படி 5: கணக்கும் கட்டுரையும்

கூகுள் ஷீட்ஸ் போதும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: தடைக்கு முன் கணவாய் கிழக்கே 300 ரூபாய், மேற்கே 290. தடையின்போது கிழக்கே 380, மேற்கே 320. கிழக்கில் ஏற்றம் 80, மேற்கில் 30. மேற்கிலும் 30 ஏறியதென்றால், கல்யாண சீசன், டீசல் விலை என்று ஏதோ பொதுவான காரணம் இருக்கிறது. அதைக் கழித்தால் 50. தடையின் பங்கு என்று நீங்கள் சொல்லக்கூடியது இந்த 50 ரூபாய்தான். வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம் என்ற இந்த முறையைக் கல்லூரி வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள். ஆனால் உள்ளே இருப்பது மூன்று கழித்தல்கள்.

கட்டுரை நான்கைந்து பக்கம் போதும்: கேள்வி, ஏன் இந்த இரண்டு இடம், எப்படி அளந்தீர்கள், ஒரு வரைபடம், விடை, விடையில் உள்ள பலவீனம். கடைசிப் பகுதியை மறைக்காதீர்கள். படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

எழுதுமுன் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படியுங்கள். வட கேரளக் கடற்கரையில் கைபேசி வந்தபின் சாளை விலை என்ன ஆனது என்பதுதான் அது. கைபேசிக்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்புவார்கள். கடலிலிருந்தே விலை விசாரிக்க முடிந்ததும் ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கும் அதே சாளையை வைத்து உலகம் முழுக்க வாசிக்கப்படும் ஆய்வு எழுதியிருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

படி 6: இன்டர்ன்ஷிப்

ரிசர்வ் வங்கி, நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப்கள் கல்லூரி மாணவர்களுக்கு உரியவை. பள்ளி மாணவருக்கு அவற்றை வாங்கித் தருவதாக யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது ஓரிரு வாரம் உடன் இருந்து பார்க்கும் வாய்ப்பு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், ரப்பர் உற்பத்தியாளர் சங்கம், மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு, ஆடிட்டர் அலுவலகம் இவை நல்ல இடங்கள். மின்னஞ்சலைவிட, வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் போவதுதான் இங்கே பலிக்கும். கடிதம் இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் பதினொன்றாம் வகுப்பு முடித்துள்ளேன். பொருளியல் மேற்படிப்பு படிக்க விரும்புகிறேன். தங்கள் சங்கம் உறுப்பினர்களுக்குக் கடன் வழங்கும் முறையை நேரில் பார்த்துக் கற்க, மே மாதத்தில் பத்து நாள், காலை வேளையில் மட்டும், அனுமதி தருமாறு வேண்டுகிறேன். ஊதியம் எதிர்பார்க்கவில்லை. உறுப்பினர் விவரங்கள் எதையும் வெளியே பகிர மாட்டேன். கணினியில் பட்டியல் தட்டச்சு செய்வது போன்ற வேலைகளில் உதவ முடியும்."

முடிந்தால் ஒருநாள் திருவனந்தபுரத்தில் உள்ளூர் (Ulloor) என்ற பகுதியிலிருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கும் முன் அனுமதி வாங்கிப் போய்வாருங்கள். பொருளியலாளர் கே.என். ராஜ் 1970இல் அதைத் தொடங்கக் காரணமானவர். கட்டடங்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தவை. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். சென்னைக்குப் போனால்தான் பொருளியல் ஆய்வாளர்களைப் பார்க்க முடியும் என்று நம்மூரில் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

படி 7: விண்ணப்பங்கள்

கட்டுரை கையில் வந்தபின் இந்த வரிசையில் பாருங்கள்.

இங்கிலாந்தின் ஜான் லாக் நிறுவனம் நடத்தும் கட்டுரைப் போட்டியில் பொருளியல் பிரிவு உண்டு. 2,000 சொல் வரம்பு. உரிய தேதிக்குள் அனுப்பினால் கட்டணம் இல்லை. கடைசித் தேதி வழக்கமாக ஜூன் இறுதி. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தால் லண்டனுக்கு அழைப்பார்கள். அந்தச் செலவு உங்களுடையது. கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளி நடத்தும் உலக உயர்நிலைப்பள்ளி முதலீட்டுப் போட்டியும் இலவசம். நான்கு முதல் ஏழு பேர் கொண்ட அணி, வழிகாட்ட ஒரு ஆசிரியர், நல்ல இணைய இணைப்பு இருந்தால் போதும். செப்டம்பர் வாக்கில் தொடங்கும்.

பன்னாட்டுப் பொருளியல் ஒலிம்பியாட் 2018 முதல் நடக்கிறது. ஒரு நாட்டுக்கு ஐந்து பேர் அணி. தேர்வுச் சுற்றுக்கு ஆங்கிலமும் கணக்கும் நன்றாக வர வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் நடத்தும் யேல் யங் குளோபல் ஸ்காலர்ஸ் திட்டத்தில் அரசியல், சட்டம், பொருளியல் சேர்ந்த ஒரு பிரிவு உண்டு. இரண்டு வாரத்துக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல் கட்டணம். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து வெளிநாட்டு மாணவருக்கும் நிதியுதவி தருகிறார்கள். விண்ணப்பம் ஜனவரி வாக்கில் முடிந்து, வகுப்பு அந்த ஆண்டு அமெரிக்கக் கோடையில் நடக்கும். ஆனால் பிளஸ் டூ மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது, பிளஸ் ஒன் படிக்கும்போதே போட வேண்டும். ஆகவே இதை மட்டும் அடுத்து பிளஸ் ஒன் வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள். நிதியுதவிப் படிவத்தையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் டிசம்பருக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

எந்த விண்ணப்பத்திலும் "எனக்குப் பொருளியல் மேல் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். சின்னமுட்டத்தில் படகுகள் நின்ற வாரம் கணவாய் என்ன விலை விற்றது, குளச்சலில் என்ன விலை விற்றது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபின்னும், மேற்குக் கரைத் தடை முடியும் ஜூலை 31 வரை, வாரம் ஒரு நாளாவது நீங்களும் உங்கள் கூட்டாளியும் விலை எடுப்பதை விட்டுவிடாதீர்கள். தடை பக்கம் மாறும்போது விலையும் பக்கம் மாறுகிறதா என்று அந்த எண்கள்தான் காட்டும்.