தலை வடிவம் மாறிப் பிறந்த குழந்தை: அறிவு வளர்ச்சியை எப்படிக் கவனிப்பது?

குழந்தையின் தலையை நேர் மேலிருந்து பாருங்கள். பின்தலை ஒரு பக்கம் தட்டையாகி, அந்தப் பக்கத்துக் காது சற்று முன்னே தள்ளியிருந்தால், பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்ததால் வந்தது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடம் குப்புறப் போடுங்கள். தூக்கம் மட்டும் எப்போதும் மல்லாந்துதான். தலையை வடிவாக்கும் என்று விற்கும் தலையணையால் மூச்சு முட்டலாம், வேண்டாம். கழுத்து ஒரே பக்கம் திரும்பினாலோ உடம்பு துவண்டிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை வலுவில்லாத குழந்தை அசையாமல் படுத்திருக்கும், அதனாலேயே தலை தட்டையாகும்.

தலை படகுபோல நீண்டிருக்கிறதா, நெற்றி முக்கோணமாகக் கூம்பியிருக்கிறதா? விரலால் தடவினால் எலும்பு வரம்பு தட்டுப்படுகிறதா? மண்டையோட்டு இணைப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும் 'கிரேனியோசினோஸ்டோசிஸ்' ஆக இருக்கலாம். காத்திருக்காதீர்கள், சிறு வெட்டு வழியே கேமராக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சை முதல் சில மாதங்களில்தான் எளிது.

சுற்றளவை அளக்க, இழுபடாத டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலாக, பின்தலையின் துருத்திய இடத்தில் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணைக் குறியுங்கள். முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. கூடும், அடுத்த மூன்றில் 1 செ.மீ. ஆனால் படகுத் தலையில் சுற்றளவு சரியாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஒரே இணைப்பு ஒட்டிய குழந்தைகளில் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பு வரம்பில்தான். சிக்கல் பிந்தி வரும்: பேச்சு, கவனம், வாசிப்பு. ஒரு வயதுச் சோதனை பெரிதும் உட்காருவதையும் பிடிப்பதையும் பார்ப்பதால், 'எல்லாம் சரி' என்ற சீட்டு இவற்றுக்கு உத்தரவாதமில்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேராவிட்டால், பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுவரை திருத்திய வயதை, அதாவது பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணும் வயதை, கணக்கிடுங்கள். ஐந்து வயதில் 'பட்டம்' என்றால் 'கட்டம்', 'வட்டம்' என்று ஒத்த ஓசைச் சொல் சொல்லத் திணறினால், எழுத்துக்கூட்டுவதிலும் திணற வாய்ப்புண்டு. பள்ளி சேரும் முன் ஒரு முழு மதிப்பீடு செய்துவிடுங்கள், அறுவை முடிந்து தலை அழகாகிவிட்டாலும்கூட.

அதற்கு முன் காதைச் சோதியுங்கள். ஏபெர்ட், க்ரூசான் போன்ற நோய்க்கூட்டு (மண்டையோட்டு இணைப்புகள் ஒட்டுவதோடு முக வடிவமும் மாறும் மரபணுக் கோளாறு) உள்ளவர்களுக்குச் செவிக்குறையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் அதிகம்; காது கேட்காத பிள்ளை மந்தமாகத் தோன்றும். குறட்டை விட்டாலும் சொல்லுங்கள்.

உச்சிக்குழி புடைப்பு, விழி கீழ்நோக்கியே நிற்பது, விடாத வாந்தி, காலைத் தலைவலி: இவை மூளை அழுத்தம் கூடுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.