எரிச்சல் குறைய நான் செஞ்சது (என் அனுபவம்)

கோத்தகிரிக்கு வந்த புதுசுல எதப் பாத்தாலும் எரிச்சல்தான், ஐப்பசி மழை, பனிமூட்டம், காயாத துணி, ராத்திரி தூக்கமும் சரியா வராது. அப்பதான் எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2003ல வெளியிட்ட ஆய்வு பத்தி படிச்சேன். வாரம் ஒருதடவ நன்றியா நினைக்கிற விஷயங்கள அஞ்சு வரைக்கும் எழுதினவங்க, தொல்லைகள எழுதினவங்கள விட வாழ்க்கைய பத்தி நல்லா உணர்ந்தாங்களாம்.

நானும் ஒரு நோட்டு போட்டேன். குடும்பம், உடம்பு, வேலைன்னு பொதுவா எழுதினா சீக்கிரமே சப்புன்னு ஆயிடுது, அதனால யாரு, என்ன செஞ்சாங்கன்னு விவரமா எழுத ஆரம்பிச்சேன். எஸ்டேட் குறுக்குப்பாதைல கால்ல அட்டை ஏறுனப்ப, கொழுந்து பறிச்சிட்டிருந்த ஒரு அக்கா முதுகுல பையோடவே இறங்கி வந்து, மடியில இருந்த வெத்தல சுண்ணாம்ப எடுத்து தடவி, "இழுக்காத கண்ணு, தானா விழும்"னாங்க. இத எழுதும்போதே மனசு இளகிடுச்சு.

ஆனா எழுதறதோட நிறுத்தக்கூடாது, அவங்ககிட்டயே போய் சொல்லணும், இதுதான் எனக்கு உண்மையா வேலை செஞ்சது. அந்த அக்காவுக்கு வர்க்கி வாங்கிட்டு போய் சொன்னேன், "இதுக்கெல்லாமா?"ன்னு கேட்டாலும் முகம் மலர்ந்துடுச்சு. குன்னூர் பஸ்ல வயசான பாட்டி ஏறி உக்கார்ற வரைக்கும் விசில் அடிக்காம நின்ன கண்டக்டருக்கும் ஒரு "தேங்க்ஸ்ணே". அடுத்தவங்களுக்கு பை தூக்கிவிட, இடம் கொடுக்க இப்ப எனக்கும் தன்னால தோணுது.

எரிச்சல் சுத்தமா போகல, ஆனா நல்லா குறைஞ்சிருக்கு, தூக்கமும் வருது. எழுத முடியாத அன்னிக்கு யாருக்காவது போன் போட்டு நன்றி சொல்லிடுங்க, அதுவே போதும்.