பாப்கேட் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டில் கை வைக்கும் முன் அந்த இடுக்கைப் பாருங்கள்

போன சித்திரையில் எங்கள் வண்டி ஒரு நாளைக்கு மூன்று தடவை நின்றது. வேலை என்னவோ வழக்கமானதுதான், நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டுக்குக் கீழே மேடாகச் சேர்ந்திருக்கும் எருவை அள்ளி டிப்பரில் கொட்டுவது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டேமுக்காலுக்கு டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும், பஸ்ஸர் கத்தும், ஓட்டுகிற தம்பி பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆறின பிறகு மறுபடி ஒன்றரை மணி நேரம் ஓடும். அப்புறம் மறுபடி பஸ்ஸர்.

நான் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு. அப்புறம் கூலன்ட் முழுக்க இறக்கிப் புதிதாக ஊற்றினேன். கடைசியாக ஒரு பட்டறையில் காட்டினால், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும், இன்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இறக்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார முடியாமல் நானே கழற்றிப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. மொத்தச் செலவு ஒரு பாக்கெட் ஷாம்பூ. அதனால்தான் இந்தப் பதிவு.

ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்பதுதான் இந்த வண்டியின் சரியான பெயர். ஆனால் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம்மூரில் அது பாப்கேட்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். சுவாரசியம் என்னவென்றால், இந்த வகை வண்டியின் மூதாதையே கோழிப்பண்ணை மாதிரி ஓர் இடத்துக்காகப் பிறந்ததுதான். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இருவர், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கொட்டகைக்குள் எரு அள்ளுவதற்காக மூன்று சக்கரத்தில் ஒரு சின்ன லோடர் செய்து கொடுத்தார்கள். ஆக இறகும் தூசியும் இந்த வண்டிக்குப் புதிதல்ல. நாம்தான் அதைச் சுத்தம் பண்ணுவதில்லை.

ஆரம்பிக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால் யாராவது ஒருவர் "தள்ளி நிறுத்துகிறேன்" என்று ஏறி உட்காருவார், நம்முடைய கை அப்போது ஃபேனுக்குள் இருக்கும். பக்கெட்டைத் தாங்கும் லோடர் கைகளைத் தூக்கி வைத்து வேலை பார்க்க வேண்டிய மாடல் என்றால் வண்டியோடு வந்த பூட்டுச் சட்டத்தை மாட்டாமல் அடியில் போகக் கூடாது. மரக்கட்டை முட்டுக் கொடுப்பது எல்லாம் வேண்டாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரியையும் தாண்டிய தண்ணீர் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஓஸைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும், நம்ம வெயிலுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தம் பண்ணினால் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். சில வண்டிகளில் பின்கிரில் வழியாகக் காற்றை உறிஞ்சி மேலே தள்ளும், சிலவற்றில் மேலே உறிஞ்சிப் பக்கவாட்டில் விடும். புத்தகத்தில் படம் தேடுவதைவிட எளிய வழி, கதவை எல்லாம் மூடிவிட்டு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஒரு நியூஸ்பேப்பர் துண்டைக் கிரில்லுக்கு வெளியே பிடித்துப் பார்ப்பது. ஒட்டிக்கொண்டால் அது காற்று உள்ளே போகிற பக்கம், பறந்தால் வெளியே வருகிற பக்கம். அழுக்கு சேர்வது உள்ளே போகிற பக்கத்தில். ஆகவே நாம் ஊதுவதும் கழுவுவதும் எதிர்ப்பக்கத்திலிருந்து.

பார்த்து முடித்ததும் இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். சாவி மறுபடி சட்டைப்பைக்கு.

என்னை மூன்று வாரம் அலைய வைத்த இடம்

பாப்கேட்டில் இடம் குறைவு. அதனால் ரேடியேட்டரையும் ஹைட்ராலிக் ஆயில் கூலரையும் (பக்கெட்டைத் தூக்குகிற ஆயிலை ஆற வைப்பது) ஒன்றோடொன்று ஒட்டினாற்போல அடுக்கி வைத்திருப்பார்கள், காற்று முதலில் ஒன்றிலும் பிறகு அடுத்ததிலும் நுழைந்து போகும். பின்கதவைத் திறந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது வெளியே இருப்பது மட்டும். அதை நான் வாரம் தவறாமல் ஊதிப் பளபளவென்று வைத்திருந்தேன், அதுதான் என் பெருமையும் கூட. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. வெளியே இருப்பதன் ஓட்டைகளுக்குள் தப்பி நுழைகிற தூசியும் இறகுத் துணுக்கும், பக்கவாட்டு ரப்பர் சீல் கிழிந்த இடத்தில் புகுந்த முழு இறகும் அங்கேதான் போய்த் தங்கும்.

எங்கள் மாடலில் வெளியே இருக்கும் ஆயில் கூலரை நான்கு போல்ட் பிடித்திருக்கிறது. ஓஸ்களைக் கழற்ற வேண்டியதில்லை, போல்ட்டை எடுத்துவிட்டு மெல்லத் தூக்கினால் ஓஸ் வளைந்து கொடுக்கும், நாலு விரற்கடை உயர்த்தி ஒரு மரத்துண்டை வைத்தேன். (சில மாடலில் கீல் போட்டுக் கதவு மாதிரியே திறக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) டார்ச் அடித்தால் ரேடியேட்டரே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிதான் தெரிந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன், அடை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. இறகு, எருத் தூசி, எங்கோ கசிந்த ஆயில், மூன்றும் சேர்ந்து அழுந்திய அடை. கையில் பிடித்து வெயிலுக்கு எதிரே காட்டினேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இந்த வழியாகத்தான் மூன்று வாரமாக இன்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இனி சுத்தம் பண்ணும் முறை. முதலில் கையால் வருவதையெல்லாம் கையால் எடுங்கள். அடுத்து காய்ந்த நிலையில் ஏர். 2 பாருக்கு மேல் வேண்டாம், முனையை ஒரு சாண் தள்ளி, ரேடியேட்டரில் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் தகடு மடங்கும். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள்! நான் ஒரு தடவை அடித்தேன், காய்ந்த எருத் தூசி குழைந்து சாணி மெழுகினது போல ஓட்டைகளை அடைத்துவிட்டது, அதை எடுக்க அரை நாள் ஆனது.

ஏர் அடித்து முடித்த பிறகும் ஆயில் பிசுக்கு இருக்கும். ஆல்டர்னேட்டருக்கும் ஏர் ஃபில்டர் வாய்க்கும் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, ஷாம்பூ கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, தோட்டத்துக் குழாயால் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் கன்னை இதன் பக்கம் கொண்டுவராதீர்கள், அந்த வேகத்துக்குத் தகடு எல்லாம் கலைந்த முடி மாதிரி படுத்துவிடும், அப்புறம் அழுக்கே இல்லாமல் காற்று அடைக்கும். டீசல் அடித்துக் கழுவுகிறவர்களும் உண்டு. டீசல் ஓஸ் ரப்பரைக் கெடுக்கும், போதாததற்கு அடுத்த நாள் தூசி அதிலேயே வந்து ஒட்டும்.

சுத்தமானதா என்று பார்க்க ஒரு பக்கம் எல்இடி விளக்கை வைத்து மறுபக்கம் பாருங்கள். எல்லா இடத்திலும் வெளிச்சம் ஒரே மாதிரி வர வேண்டும். மாட்டும்போது கிழிந்த ரப்பர் சீலை மாற்றிவிடுங்கள். அது சின்னதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் காற்று சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விடும்.

கூலன்ட்

நாமக்கல் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வெள்ளைப் படிவு இன்ஜினுக்குள்ளும் பிடிக்கும், பிடித்தால் வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பாதி. நம்மூரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் இருப்பதற்கும், கொதிநிலை கூடுவதற்கும்தான். பாதிக்குப் பாதி கலவை மூடி இல்லாமலே 107, 108 டிகிரிக்குத்தான் கொதிக்கும், நல்ல மூடி இருந்தால் அதற்கும் மேலே.

நிறத்தை நம்பி வாங்க வேண்டாம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுகிறது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்கி, அதையே தொடருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். பழைய கூலன்டைப் பண்ணையில் கொட்டக் கூடாது. அது இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஊற்றும்போது அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மெல்ல ஊற்றி, மூடி திறந்தபடியே ஐடிலில் ஓடவிடுங்கள், குமிழி குமிழியாக வந்து மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடிவிட்டு, மறுநாள் காலை ஆறியிருக்கும்போது இன்னொரு தடவை மட்டம் பார்க்க வேண்டும். இந்த மறுநாள் வேலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மற்றவை, சுருக்கமாக

பெல்ட்டைக் கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும், சரியான அளவு புத்தகத்தில் இருக்கும். ஓஸ் பஞ்சு மாதிரி அழுந்தினாலும் கட்டையாக இறுகிப்போயிருந்தாலும் மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் சொட்டினால் உள்ளே சீல் போயிற்று என்று அர்த்தம், அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பழக்கத்தோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் காலையில் சூடேறவே நேரமாகும், டீசல் கூடும், சில இன்ஜினில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸில் சுற்றி முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள், அதன் மேல் 82 என்று இருந்தால் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

வாங்கத் தகுந்த ஒரே கருவி என்று கேட்டால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ஓடிச் சூடான ரேடியேட்டரின் முகத்தில் வரிசையாகக் காட்டிக்கொண்டு போங்கள், திடீரென்று குளிர்ந்த திட்டு வந்தால் அந்த இடத்தில் உள்குழாய் அடைத்திருக்கிறது.

பின்சேர்க்கை

எம்-சாண்ட் கிரஷரில் வண்டி ஓட்டுகிற ஓர் அண்ணன், எல்லாம் கழுவியும் விளக்கு எரிகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால் எரிந்தது இன்ஜின் விளக்கே இல்லை, ஹைட்ராலிக் ஆயில் சூட்டு விளக்கு. ஆயில் மட்டம் குறைந்திருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் முதலில் எது எரிகிறது என்று பாருங்கள்.

இன்னொருவருக்கு எத்தனை நாள் ஆனாலும் ரேடியேட்டரில் குமிழி நிற்கவில்லை, இன்ஜின் ஆயிலும் மோர் நிறத்தில் இருந்ததாம். அவருக்கு உண்மையாகவே ஹெட் கேஸ்கெட்தான். அது நம் வேலை இல்லை, பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

கிரில்லுக்குக் கொசுவலை கட்டலாமா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் கட்டிப் பார்த்தேன். இறகு உள்ளே போவதில்லை, உண்மைதான். ஆனால் முக்கால் மணி நேரத்தில் வலையே அடைத்துக்கொள்கிறது. இப்போது தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு டீக்குப் போகும்போதெல்லாம் வலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போகிறார், உதற மறந்த அன்றைக்கு மட்டும் பஸ்ஸர் கத்துகிறது.