கடல் பனிக்கட்டிப் பாசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவக் கடலின் பனிக்கட்டிக்குள் வாழும் பாசியை ஆராயப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். கையுறை, பேட்டரி, பெயர்ச்சீட்டு பற்றி யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். தரவையே கெடுக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கோரை (துளையிட்டு எடுத்த பனிக்கட்டி உருளையை) அப்படியே உருக விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப் படிகத்துக்குள் போகாது. படிகங்களுக்கு நடுவே மெல்லிய நாளங்களில் அடர்ந்த உப்புநீராகத் தேங்கும். பாசி வாழ்வது அங்கேதான். பனிக்கட்டி மைனஸ் 5 டிகிரியில் இருந்தால் அந்த நீரின் உப்புத்தன்மை 80ஐ, அதாவது ஒரு கிலோ நீருக்கு 80 கிராம் உப்பைத் தாண்டும். கடலைத் தொடும் அடிப்பகுதியில் அது கடல்நீரின் அளவுக்கே, 34ஐ ஒட்டி இருக்கும். அந்தத் துண்டை வாளியில் போட்டு மொத்தமாக உருக்கினால், உப்பில்லாத படிகமும் சேர்ந்து கரைந்து, எல்லாம் 10, 5 என்று இறங்கிவிடும். நீர் உயிரணுவுக்குள் பாய்ந்து, அது உப்பி வெடிக்கும்.

எல்லாமே ஒரே அளவில் வெடித்தால்கூடக் கணக்கைச் சரிக்கட்டலாம். அப்படி நடப்பதில்லை. சிலிக்கா ஓடு உள்ள டயட்டம் என்ற பாசி பெரும்பாலும் தாங்கிவிடும். ஃபிளாஜெல்லேட்டுகள், பாசியை மேயும் சிலியேட்டுகள் போன்ற மென்மையான ஒற்றை உயிரணு உயிரிகள் தடயமில்லாமல் போய்விடும். கேரிசன், பக் என்ற ஆய்வாளர்கள் 1986இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பயணத்தில் புதியவர் ஒருவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, “டயட்டம் மட்டும்தான் இருக்கு, இதை மேயுறதுக்கு ஆளே இல்லை” என்றார். பக்கத்துத் துளையில் எடுத்து முறையாக உருக்கிய மாதிரியில், டயட்டச் சங்கிலிகளுக்கு இடையே சிலியேட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குள் அவருடைய கோர்கள் எல்லாம் உருகி முடிந்திருந்தன. திரும்பப் போய் எடுக்க அந்தப் பனிக்கட்டி அங்கேயே நிற்காது. யார் யாரைத் தின்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பருவத்தில் பதிலே கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கடல்நீர் மூன்று பங்கு, பனிக்கட்டி ஒரு பங்கு. இருட்டில், குளிரில், மெதுவாக உருக விடுங்கள். எவ்வளவு நீர் சேர்த்தீர்கள் என்று அப்போதே எழுதிவையுங்கள். இல்லையென்றால் செறிவைத் திருப்பிக் கணக்கிட முடியாது. அப்புறம், உப்புத்தன்மைக்குத் தனிக் கோர் வேண்டும், அதில் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது.

அடிநுனியைத் தவறவிடுவது

ஆர்க்டிக்கில் பாசியின் பெரும்பகுதி கடைசிச் சில சென்டிமீட்டரில்தான். பழுப்பேறிய அந்தப் பகுதி கை பட்டாலே உதிரும். மேலே தூக்கும்போது அது துளைக்குள் விழுந்துவிட்டால், மீதி ஒன்றரை மீட்டர் கோரை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அன்டார்க்டிக்கில் நடுவிலும் மேற்பரப்பிலும்கூடப் பாசி இருக்கும். அங்கே முழு நீளத்தையும் பாருங்கள்.

மேலே பொழிந்த பனியை மிதிப்பது

உள்ளே போகும் ஒளியைத் தீர்மானிப்பது அதுதான். முதலில் அதை அளந்துவிடுங்கள்.

ஒரே ஒரு கோர்

போதாது. பாசி திட்டுத்திட்டாகத்தான் வளரும்.

“கொஞ்சம்தானே” என்று ஒதுக்குவது

கடலில் ஓராண்டில் விளையும் மொத்தப் பாசியில் பனிக்கட்டிப் பாசியின் பங்கு பல இடங்களில் சிறியதுதான். ஆனால் அது கிடைக்கிற நேரத்தைப் பாருங்கள். வசந்தத்தில், நீரில் மிதக்கும் பாசி பெருகுவதற்கு வாரக்கணக்கில் முன்பே இது தயார். கலானஸ் கிளேசியாலிஸ் என்ற சிறு ஓட்டுயிரி இதைத் தின்றுதான் முட்டையிடுகிறது. குஞ்சுகள் வளரும்போது மிதவைப் பாசி வந்துவிடும். இறால் போன்ற அன்டார்க்டிக் கிரில்லின் இளம் பருவங்களும் குளிர்காலத்தில் பனிக்கட்டியின் அடியைத்தான் சுரண்டுகின்றன.

ஆழ்கடலுக்கும் இது போகிறது. 2012இல் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போனவர்கள், மத்திய ஆர்க்டிக்கில் சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில் மெலோசிரா ஆர்க்டிகா என்ற பனிக்கட்டி டயட்டத்தின் குவியல்களைக் கண்டார்கள். கடல் வெள்ளரிகள் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. மெலோசிரா பனிக்கட்டிக்கு அடியில் நீள இழைகளாகத் தொங்கும், துளையிடும்போதே அறுந்து விழும். கோரில் அது இல்லை என்பதற்காக அங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். துளை வழியாக ஒரு கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.